முதல் மழையில் மண் விட்ட மூச்சு

ஆராய்ச்சி நிலையத்தில் எல்லோரும் அவரை டவரக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பல வருஷம் செல்போன் கோபுரங்களில் ஏறி இறங்கியவர். முழங்கால் முரண்டு பிடிக்கத் தொடங்கியதும், ஊருக்கு வெளியே முள்ளும் புல்லும் மட்டும் முளைக்கும் வறண்ட பொட்டலில் நிற்கும் இந்தக் கோபுரத்துக்கு வந்து சேர்ந்தார். "உயரம் கம்மி, கவலை ஜாஸ்தி" என்பார். உச்சியிலிருக்கும் கருவி, நிலத்திலிருந்து காற்றுக்கும் காற்றிலிருந்து நிலத்துக்கும் கரிவாயு, அதாவது கார்பன் டை ஆக்சைடு, எவ்வளவு போய்வருகிறது என்று இரவு பகலாக அளந்துகொண்டிருக்கும். அதைத் துடைத்து, பழுது பார்த்து, நிற்காமல் ஓடவைப்பது அக்காவின் பொறுப்பு.

அவர் வந்ததிலிருந்தே மழை ஏமாற்றிக்கொண்டிருந்தது. கீழே அறைக்குள் இருக்கும் கணினியில், அளவைக் காட்டும் கோடு அசையாமல் படுத்தே கிடந்தது. மண் எதையும் பெரிதாக விடவில்லை. செடி எதையும் எடுக்கவில்லை. ஆய்வாளர் மேடம் முதல் மழைக்காகத் தவம் கிடந்தார். "மழை வர்ற நேரத்துல மிஷின் படுத்துடக் கூடாதுக்கா" என்று பார்க்கும்போதெல்லாம் சொல்வார்.

அந்த நேரம் பார்த்து ஓர் அணில், உச்சியில் காற்றை உறிஞ்சும் குழாயைக் கடித்து வைத்தது. அக்கா ஏறிப் புதுக்குழாய் மாட்டிவிட்டு இறங்கினார். தரையில் கால் வைத்ததுமே சந்தேகம் பிடித்துக்கொண்டது. இணைப்பைக் கடைசி வரை இறுக்கினோமா?

மறுநாள் மதியம் வானம் கறுத்தது. பஸ் டிரைவரான அவர் கணவர், டிப்போவிலிருந்து போன் செய்தார்.

"இடி இடிக்குது. மேல கீல ஏறித் தொலைக்காத."

"ஏறலைங்க. ரூமுக்குள்ளதான் இருக்கேன்."

"ஊரே மழைன்னு கூத்தாடுது. உன் குரல் ஏன் இழவு வீட்டுல பேசற மாதிரி இருக்கு?"

"குழாயை ஒழுங்கா மாட்டினேனான்னு தெரியலைங்க."

மழை கொட்டிவிட்டுச் சட்டென்று நின்றது. கணினியில் கோடு விருட்டென்று மேலே ஏறியது. மழை பெய்தால் நிலம் கரிவாயுவை உள்ளே இழுக்கும், கோடு கீழே இறங்கும் என்றுதான் அவர் நினைத்திருந்தார். இணைப்பு வழியாகத் தண்ணீர் புகுந்து கருவி உளறுகிறது, தீர்ந்தது கதை என்று முடிவே கட்டிவிட்டார். தொலைவில், மழைக்காட்டில் நிற்கும் வேறொரு கோபுரத்தில் இருந்த மேடத்தைப் போனில் அழைத்தார்.

"ஏறாதீங்கக்கா. அது நிஜமாவே இருக்கலாம். இடி ஓய்ஞ்சதும் தரைப்பெட்டியை வச்சுப் பாருங்க."

தரைப்பெட்டி என்பது மண்மேல் கவிழ்த்து வைக்கும் ஒரு மூடி. மண்ணிலிருந்து வெளிவரும் வாயுவை அளக்கும். இடி அடிவானத்துக்கு ஒதுங்கியபின் அக்கா ஈர மண்ணில் அதை வைத்தார். எண் ஏறியது. இடம் மாற்றினார். அங்கேயும் ஏறியது.

"நனையாத மண் எங்கயாவது இருக்கா?" என்றார் மேடம்.

நிறுத்தியிருந்த ஜீப்புக்கு அடியில் இருந்தது. அக்கா மண்டியிட்டு, முழங்கால் கத்தக் கத்தப் பெட்டியை உள்ளே தள்ளினார். எண் அசையவே இல்லை.

"அப்போ குழாய் நல்லாத்தான் இருக்கா மேடம்?"

"குழாயும் நல்லாருக்கு, நீங்களும் நல்லாருக்கீங்க. காய்ஞ்ச மண்ணுல கண்ணுக்குத் தெரியாத உயிருங்க சுருண்டு கிடக்கும். தண்ணி பட்டதும் முழிச்சு, செத்த வேரையும் சருகையும் தின்னும். தின்னா மூச்சு விடணும்ல? செடி இலை விடத்தான் நாளாகும்."

"அப்போ மழை பெஞ்சது நிலத்துக்கு நஷ்டமா?"

"இதோட நின்னுட்டா நஷ்டம்தான். தொடர்ந்து பெஞ்சா இலை வந்து திருப்பி எடுத்துக்கும்."

ஒரு பயம் போய் இன்னொரு பயம் வந்து உட்கார்ந்தது. அதற்குப் பிறகு நல்ல மழையே இல்லை. தலைகாட்டிய பச்சைப் புல் நுனியிலிருந்து சுருளத் தொடங்கியது. நடுவில் ஒருநாள் தூறல் போட்டபோது கோடு மறுபடி மேலேதான் துள்ளியது. தெருவில் எல்லோரும் தூறலுக்கு முகத்தை நீட்டினார்கள். அக்கா மட்டும் முகத்தைச் சுளித்தார்.

மழைக்காட்டுக் கோபுரத்திலிருந்து மேடம் பேசும்போது அங்கே நேர்மாறான புலம்பல். "இங்க மேகம் விலகவே மாட்டேங்குதுக்கா. வெயில் இல்லாம மரங்க சரியா வேலை செய்யலை."

"அதுல கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளிவிடுங்களேன்!" என்றார் அக்கா. சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

நல்ல மழை தாமதமாகத்தான் வந்தது. வந்தபின் விட்டுவிட்டுப் பல நாள் பெய்தது. முட்செடிகள் இலையால் மூடிக்கொண்டன. ஒரு நண்பகலில் கோடு பூஜ்யத்துக்குக் கீழே இறங்கியது. நிலம் வாங்கத் தொடங்கிவிட்டது. அக்கா உடனே மேலே ஏறி இணைப்பை அசைத்துப் பார்த்தார். இறுக்கமாகத்தான் இருந்தது.

"இப்ப எதுக்கு ஏறினீங்க?" என்றார் மேடம்.

"நல்லதுன்னா சட்டுனு நம்ப வரலை மேடம்."

வருஷக் கடைசியில் கூட்டிக் கழித்தபோது, நிலம் எடுத்ததைவிட விட்டதுதான் கூடுதல். பிந்தி வந்த மழையால் முந்தைய இழப்பை முழுக்க ஈடுகட்ட முடியவில்லை. அன்று சாப்பிடும்போது அக்கா அதைச் சொன்னார். கணவர் ரசத்தை அவர் பக்கம் நகர்த்தினார்.

"உன் வேலை அளக்கறது. பெய்யறதும் உன் வேலையா?"

"இல்லைதான்" என்றார் அக்கா. ஆனாலும் அவருக்குச் சோறு இறங்கவில்லை.