அன்னக்கொடி வீட்டு அஞ்சு எச்.பி. மோட்டார்

விளாங்குடியில் என் பக்கத்து வீட்டுக்காரி அன்னக்கொடி. எழுபத்தெட்டில் அவள் புது வீடு கட்டிக் குடிபோனபோது, அழகர்கோவில் பக்கத்திலிருந்து அண்ணன் காளை பிறந்த வீட்டுச் சீராகக் கிணற்றுக்கு ஒரு மோட்டார் கொண்டுவந்தார். சந்தனம் வைத்து, மாலை போட்டு, மாப்பிள்ளை மாதிரி அது மாட்டுவண்டியில் உட்கார்ந்திருந்தது. அஞ்சு எச்.பி.! கடையில் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதானாம்: "இருக்கிறதுலயே பெரிசு எது?" அதற்குக் குறைந்தால் அவர் மீசைக்கு இழுக்கு.

அவர் ஊர்க் கிணற்றில் ஊற்று பெரிது. இங்கே அன்னக்கொடி வீட்டுக் கிணற்றில் மெல்லத்தான் சுரக்கும். சுவிட்சைப் போட்டால் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு கொட்டும். மல்லிகைத் தோட்டம் பாதி நனைவதற்குள் கிணறு வறண்டு, மோட்டார் காற்றை உறிஞ்சிச் சூடேறிக் கத்தும். மறுபடி ஊறும்வரை குடிக்கக்கூடத் தண்ணீர் கிடையாது. அந்த மல்லிகையை நம்பித்தான் குடும்பமே இருந்தது. செடி கருகுவதைப் பார்த்தும் புருஷன் நல்லகாமன் வாய் திறக்கவில்லை. மைத்துனர் சீரைக் குறை சொன்னால் உறவே அறுந்துபோகுமாம். எனக்கு எரிச்சலாக வரும். செடிக்குத் தெரியுமா இவர்கள் மரியாதை? ஆனாலும் எங்கள் பக்கத்து மனிதர்கள் அப்படித்தான்.

அடுத்த முறை காளை வந்து சாப்பிட உட்கார்ந்தபோது அன்னக்கொடியே சொல்லிவிட்டாள்.

"அண்ணே, இந்தக் கிணத்துக்கு இம்புட்டுப் பெரிய மோட்டார் ஆகாதுண்ணே. சின்னதா மாத்திக் குடு."

"நான் செஞ்ச சீரு ஒனக்கு வேணாமா?"

"சீரும் வேணும், செடியும் பொழைக்கணும்ல?"

பாதிச் சோற்றில் எழுந்துவிட்டார். ஆள் வைத்து மோட்டாரைக் கழற்றி வண்டியில் ஏற்றிக்கொண்டு, இனி இந்த வாசப்படி மிதிக்க மாட்டேன் என்று போய்விட்டார். அன்னக்கொடி அழுதாள். அழுதுகொண்டே வாளியில் இறைத்துச் செடிகளுக்கு ஊற்றினாள். நானும் போய் இறைத்தேன். செடி துளிர்த்தது, அண்ணன்தான் வரவில்லை.

ஆடி பிறந்தது. ஒரு மத்தியானம் காளை வெறுங்கையோடு வந்து வாசலிலேயே நின்றார்.

"அந்த மோட்டார என் கிணத்துல மாட்டிட்டேன். ஒனக்குச் சின்னது எடுக்கலாம்னு சிம்மக்கல்லு மோட்டார் கடைக்குப் போனேன். கிணத்துல தண்ணி எம்புட்டு ஊறும், எம்புட்டு ஆழம்னு கடைக்காரர் கேக்குறாரு. எனக்கு எங்க தெரியும்? நீயும் கூட வா தங்கச்சி. எது சரியா இருக்கும்னு நீயே பாத்துச் சொல்லு."

பிறந்ததிலிருந்து அண்ணன் அன்னக்கொடியைக் கேட்டுச் செய்யும் முதல் காரியம் அது.

"உள்ள வாண்ணே," என்றாள். "சாப்புட்டுட்டு ரெண்டு பேருமாப் போவோம்."