வெள்ளிக்கோட்டுப் பூச்சி

மழைக்குப் பிறகு பாலகாட் பக்கம் புல் மண்டிய மேட்டில் என் மகள் ஒரு பூச்சியைப் போனில் படம் பிடித்து வந்தாள். சுண்டுவிரல் நகம் அளவு அந்துப்பூச்சி. காய்ந்த புல்லைச் சுருட்டி வைத்த மாதிரி இருந்தது. அபூர்வமான வகை போலிருக்கிறது, எதுவென்று பிடிபடவில்லை என்றாள்.

"றெக்கையில வெள்ளிக்கோடு கீதான்னு பாரு. நடுவுல அறுந்த மாதிரி இருக்கணும்."

இருந்தது. "உனக்கு எப்படிம்மா தெரியும்?"

எனக்குத் தெரியாமல் என்ன. படிப்பு இரண்டாம் வகுப்போடு சரி, கண்ணில் குறையில்லை.

அப்போது அப்பா வேலை பார்த்த சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்துக் குடியிருப்பில் இருந்தோம். ஞாயிற்றுக்கிழமைகளில் பாலகாட்டிலிருந்த அத்தை வீட்டுக்கு நடந்தே போவோம். அந்த மேடு ஏறியதும் அப்பா ஒரு கல்லில் உட்கார்ந்துவிடுவார். "வெள்ளிக்கோட்டுப் பூச்சியைப் புடிச்சினு வா கண்ணு, அப்பதான் போவலாம்."

கோடில்லாத பூச்சிகள் கால் வைத்தாலே கும்பலாய்ப் பறக்கும். கோடுள்ளது லேசில் அகப்படாது. தேடித் தேடிப் பொத்தி எடுத்து வருவேன். பல வாரம் கிடைக்காமலே போனதுண்டு.

ஒரு ஞாயிறு, போனதும் கிடைத்துவிட்டது. அத்தை வீட்டில் அன்றைக்குக் கறிக்குழம்பு வேறு. ஓடிவந்து நீட்டினேன். அப்பா என் விரல் சந்தில் பார்த்தார்.

"இது இல்ல கண்ணு."

"கோடு கீதுப்பா."

"கோணலா கீது. வேற பாரு."

அம்மாவிடம் காட்டினேன். பொய் சொன்னால் வாயில் மிளகாய் தேய்ப்பவள். அவளும் குனிந்து பார்த்து, "அப்பா சொன்னா சரியாத்தான் இருக்கும். இன்னாடி அவசரம், கறி எழுந்து ஓடியா போவுது?" என்றாள்.

வந்த ஆத்திரத்தில் ஒரு புதருக்குப் பின்னால் போய்ச் சும்மா உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அதே பூச்சியை அதே கையில் கொண்டுபோய் நீட்டினேன். அப்பாவின் தோள்கள் ஏறி இறங்குவது அதற்குள் நின்றிருந்தது. வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "இதான் கண்ணு. எப்டிக் கண்டுபுடிச்ச?" என்று எழுந்தார். பூச்சியைப் புல்லிலேயே விட்டோம்.

சுரங்கத் தூசி அவர் நெஞ்சில் இறங்கியிருந்ததை எனக்கு யார் சொன்னார்கள்? அவர் மூச்சு வாங்குவதைப் பிள்ளை பார்க்கக் கூடாதென்று இருவரும் பேசிவைத்திருந்ததும் வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. அவருக்கு உட்கார இடம் கொடுத்த பூச்சிக்கு, மகளின் போனிலேயே ஒரு கும்பிடு போட்டேன்.

அன்றைக்கோ, அப்பாவையே ஏமாற்றிவிட்டேன் என்று அத்தை வீடு வரைக்கும் குதித்துக்கொண்டே போனேன்.