எந்த டிவியில் போடப் போறீங்க?

போட்டோக்களைக் கோத்துப் பாட்டுப் போட்டு வீடியோ ஆக்குவது சுலபம். கடைசியில் ‘எக்ஸ்போர்ட்’ பட்டனை அமுக்கினதும் கம்ப்யூட்டர் கேட்கிற கேள்விகள்தான் உயிரை வாங்கும். வீட்டு விசேஷத்துக்கு வீடியோ செய்து, அந்தப் பட்டன் முன்னால் திருதிருவென்று முழித்தவர்களே, நீங்களும் என் கட்சிதான். எனக்குக் குன்னூரில் இதே பிழைப்பு.

முதல் தரம்

ரங்கசாமி அண்ணன் கிளென்மார்கன் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் தூள் சலிக்கிறவர். மகள் கல்யாண வரவேற்பில் போட, சின்ன வயதிலிருந்து எடுத்த படங்களைக் கொண்டுவந்தார். “எது பெருசோ அதையே போடுங்க தம்பி” என்றார். எனக்கும் வித்தையைக் காட்டுகிற ஆசை. ஃபோர்-கே, நொடிக்கு அறுபது பிரேம் என்று எல்லாவற்றையும் உச்சத்தில் வைத்தேன்.

ஃபைல் ஊதிப்போனது. பென் டிரைவில் இடம் இருந்தும் ஏற மறுத்தது. அவ்வளவு பெரிய ஒற்றை ஃபைலை பென் டிரைவின் பழைய ஃபார்மட் தாங்காது என்று விளக்கினேன். அண்ணன் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “எங்க சல்லடையில மேல நிக்கற பெருசுதானுங்க முதல் தரம். உங்க சல்லடையில அடைச்சுக்குதுங்களா?”

மேட்டுப்பாளையம்

பென் டிரைவை வேறு ஃபார்மட்டுக்கு மாற்றி ஏற்றிக் கொடுத்தேன். மேட்டுப்பாளையத்து மண்டபத்தில் மாப்பிள்ளை வீட்டார் எல்லோரும் உட்கார்ந்திருக்க, டிவியில் பாட்டு மட்டும் வந்தது. படம் கருப்பு. என் கடை கம்ப்யூட்டரில் ஜோராக ஓடியது அந்த டிவிக்குப் புரியவில்லை. மணமேடையில் பொண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது என்று அண்ணன் போனில் சொன்னபோது எனக்கு அவமானமாக இருந்தது.

முன்வரிசையில் இருந்த சம்பந்தியம்மா இரண்டு பாட்டு முடியும்வரை கருப்புத் திரையையே பார்த்துவிட்டுக் கேட்டாராம்: “பாட்டு நல்லா இருக்குதுங்க. பொண்ணு எப்ப வரும்?”

கட்டம் கட்டமாக

பாவத்தைக் கழுவ, அதே வீடியோவைச் சுருக்கோ சுருக்கென்று சுருக்கி வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அது தன் பங்குக்கு இன்னும் பிழிந்தது. அண்ணனின் மனைவி சரோஜா அக்கா கூப்பிட்டார்: “ஏனுங்க தம்பி, மூஞ்சியெல்லாம் கட்டம் கட்டமா இருக்குது. இது கல்யாண வீடியோவா, ஸ்வெட்டர் டிசைனா?”

கம்பளிக்குள் டிவி

அண்ணன் மகளுக்கு ஏழாம் மாத வளைகாப்பு வந்தது. எஸ்டேட் ஹாலில் அதே படங்களைப் போட்டாக வேண்டும் என்று அண்ணன் உறுதியாக இருந்தார். சம்பந்தி வீட்டார் வேன் வைத்து மலையேறி வருகிறார்கள். மகளைப் புகுந்த வீட்டில் இன்னமும் ‘கருப்பு வீடியோ’ என்றுதான் கேலி செய்கிறார்களாம். சிரித்துக்கொண்டே சொன்னாலும் தினமும் கேட்கிறவளுக்கு வலிக்காதா?

முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வியை அப்போதுதான் கேட்டேன்: “எந்த டிவியில் போடப் போறீங்க?” மறுநாள் காலை ஒரு ஜீப் வந்து நின்றது. கம்பளியில் சுற்றிய ஹால் டிவியைக் கைக்குழந்தை மாதிரி தூக்கிக்கொண்டு அண்ணன் இறங்கினார். “நீங்களே கேட்டுக்குங்க” என்று மேஜைமேல் வைத்தார்.

ஃபுல் எச்டி, முப்பது பிரேம், எந்த டிவிக்கும் தெரிந்த சாதாரண எம்பி4, ஃபைல் ஊதிப்போகாத அளவான பிட்ரேட். அந்த டிவியிலேயே முதலிலிருந்து கடைசிவரை ஓட்டிப் பார்த்த பிறகுதான் அனுப்பினேன்.

வளைகாப்புக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். பென் டிரைவை நானே செருகினேன். பாட்டு ஆரம்பித்தது. ஒரு நொடி திரை கருப்பு. அடுத்த நொடி, பல் விழுந்த வாயோடு பள்ளிக்கூட யூனிபார்மில் பொண்ணு சிரித்தாள். கை நிறைய வளையலோடு உட்கார்ந்திருந்தவள் அதைப் பார்த்து அதே மாதிரி சிரித்தாள். கடைசிப் படம்வரை கண்ணெடுக்காமல் பார்த்த சம்பந்தியம்மா என் பக்கம் திரும்பினார்: “பொண்ணு வந்துருச்சுங்க. இன்னொருக்கா போடுங்க.”

அன்றிலிருந்து யார் வந்தாலும் எந்த டிவி என்றுதான் முதலில் கேட்கிறேன். அதைக் கேட்டு ஆளாளுக்கு டிவியைத் தூக்கிக்கொண்டு வருவதில், இப்போது என் கடைக்கு டிவி ரிப்பேர் கடை என்று பேராகிவிட்டது.