அவருடைய போனில் வந்த கல்யாணச் சேலை

என் கணவர் பகல் லுஹர் தொழுகைக்குக் கல்முனைக் கடையைப் பூட்டிவிட்டு வந்து, சோறு தின்றதும் சற்றுத் தூங்குவார். ஒரு நாள் அந்நேரம் அவருடைய போனில் செய்தி வாசித்தேன். நடுவில் கல்யாணச் சேலை விளம்பரம். எனக்கு ஒருநாளும் வாங்கித் தராத கருஞ்சிவப்புப் பட்டு! யாருக்காகப் பார்க்கிறார்?

அதைத் தொட்டு, 'குக்கீஸை ஏற்கிறேன்' என்றிருந்ததையும் அழுத்தி, எல்லாச் சேலைகளையும் பார்த்தேன். மறுநாள் சேலைகள் கூடின. பிறகு நகைகளும் வந்தன. ஒன்றுவிடாமல் திறந்தேன். ஐந்தாம் நாள் அவரை எழுப்பினேன்.

"இது என்ட சீதன வீடு. ரெண்டாம் கலியாணம் முடிக்கிறெண்டா உடுப்ப எடுத்துக்கு வெளிக்கிடுங்க!"

அவர் மலங்க விழித்தார். சத்தம் கேட்டு வந்த என் தங்கை போனை வாங்கிப் பார்த்துச் சிரித்தாள்.

"ராத்தா, மொதல் சேலை என்ட கலியாணத்துக்கு மச்சான்ட போன்ல நான் பாத்தது. மத்ததெல்லாம் நீங்க தொறந்து பாத்ததால வந்தது."

நாம் பார்த்ததை நினைவில் வைக்க இணையத்தளங்கள் போனில் விட்டுப்போகும் சிறு குறிப்புத்தான் குக்கீஸாம். வைரஸ் அல்ல; ஆனால் விளம்பரக்காரர்களிடம் நம்மைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இப்போது தேவையற்ற குக்கீஸை மறுத்துவிடுகிறேன். அவருடைய போனை எடுத்தால், எல்லாக் குக்கீஸையும் அழித்துவிட்டே வைக்கிறேன். அழித்தால் ஒவ்வொரு தளத்திலும் அவர் மறுபடி கடவுச்சொல் போட வேண்டும் என்பது பிறகுதான் தெரிந்தது.

நேற்றும் எழும்பி, போன் கடவுச்சொல் கேட்டதும் என்னைக் கேட்டார்: "இண்டைக்கும் என்ட போன பாத்தியா புள்ள?"