ஆணி அடிக்காத வீடு

"வீட்ல சமீபத்துல யாராவது ஆணி அடிச்சாங்களா?" என்று கேட்டபடியே பிஹுவா நோயாளியின் முழங்கைக்கு மேல் ரப்பர் பட்டையைக் கட்டுகிறாள். வந்தவள் முழிக்கிறாள். இதயத்தைப் படம் எடுக்கிற இடத்தில் தச்சுவேலை விசாரணை எதற்கு? பிஹுவா சிரிப்பதும் இல்லை, விளக்குவதும் இல்லை. பதில் வரும்வரை ஊசி வந்தவள் கையில் ஏறாது.

ஜியாயி ஊரில் எங்கள் மருத்துவமனையின் இரண்டாம் அடித்தளத்தில் இருக்கிறது அந்த அறை. மஞ்சள் மேற்சட்டை போட்டு நின்று, வருகிற நோயாளிகளுக்கு வழிகாட்டும் தொண்டு எனக்கு. செத்தவர்கள் திரும்பி வந்து உலவும் பேய் மாதம் பிறந்துவிட்டால் கீழே இறங்க ஆளுக்கு ஆள் சாக்குச் சொல்வார்கள். பிஹுவா மட்டும் படமெடுக்கும் இயந்திரத்தின் தலையில் பச்சைப் பொட்டலத் தின்பண்டம் ஒன்றை வைத்து, "இன்னிக்கு ஒழுங்கா இருக்கணும், கண்ணு" என்று தட்டிக்கொடுத்துவிட்டு வேலையைத் தொடங்குவாள். பச்சை வைத்தால் இயந்திரம் ஓடும், மஞ்சள் வைத்தால் மக்கர் பண்ணும் என்பது இங்கே நம்பிக்கை; மஞ்சள் பொட்டலம் வைத்த ஒரு புதுப் பையனை அன்று முழுக்க அந்த அறைக்குள் விடவில்லை.

அவள் ஏற்றுகிற மருந்துக்கு நிறம் இல்லை, வாசம் இல்லை. தண்ணீர்போல இருக்கும். ஆனால் ஈயக்குழாயைத் திறந்ததும் சுவரில் இருக்கும் கதிர்வீச்சு அளவி டிக், டிக் என்று பேசத் தொடங்கும். அறையில் மூன்றாவது ஆள் ஒருவர் நாக்கைச் சொடுக்குவதுபோல இருக்கும். எனக்கு இன்றுவரை பிடரி சிலிர்க்கிறது. பிஹுவா அதைக் கேட்டுக்கொண்டே சோற்றுருண்டை சாப்பிடுவாள், பக்கத்து அறையில்தான் என்றாலும்.

பால் கொடுக்கிற பெண்கள் வந்தால் வேறு கச்சேரி. கூட வரும் கிழவிகள் விடமாட்டார்கள்.

"பாலை நிறுத்தணுமா? எள்ளெண்ணெயில கோழி வதக்கி வதக்கி நான் வரவழைச்ச பாலு தெரியுமா அது!"

"எல்லா மருந்துக்கும் நிறுத்த வேணாம் பெரியம்மா. இந்த மருந்துக்கு எவ்ளோ நேரம்னு டாக்டர் சொல்லுவாரு. அதுவரைக்கும் பீய்ச்சித் தனியா வைங்க. பிள்ளையையும் கொஞ்ச நேரம் நீங்களே தூக்கி வெச்சுக்கங்க."

"தனியா வெச்சா?"

"உள்ள இருக்கறது தன்னால செத்துடும்."

"பாலுக்குள்ள என்னடி சாகும்?" என்று ஒரு கிழவி பின்னுக்கு நகர்ந்து, வந்த லிஃப்ட்டிலேயே ஏறிப் போய்விட்டாள். மருமகளை விட்டுவிட்டு.

கர்ப்பிணிகள் விஷயம்தான் சிக்கல். வயிற்றில் பிள்ளை இருந்தால் இந்த மருந்தை, தவிர்க்க முடியாத தேவை இருந்தாலொழியக் கொடுப்பதில்லை. அதனால் முதலில் கேட்டே ஆகவேண்டும். ஆனால் எங்கள் பெண்கள் மூன்று மாதம் நிறையும்வரை பெற்ற தாயிடம்கூட வாய் திறக்கமாட்டார்கள். கருவைக் காக்கும் தெய்வம் வீட்டுக்குள்ளேயே ஒளிந்திருக்கும். ஒருநாள் கட்டிலில், ஒருநாள் கதவில். முந்திக்கொண்டு சொன்னால் அதற்குக் கோபம் வரும். ஆணி அடித்தால் அதன்மேல் படும், கருவுக்கு ஆகாது. முன்பொரு பெண் "இல்லை" என்று சொல்லி ஊசி போட்டுக்கொண்டு போனாள். பிறகுதான் தெரிந்தது. பிள்ளை நன்றாகவே பிறந்தது. ஆனால் அது பிறக்கும்வரை பிஹுவாவின் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. அதன் பிறகுதான் இந்த ஆணிக் கேள்வி.

சென்ற பேய் மாதத்தில் ஜியாரோங் என்ற பெண்ணை நான்தான் கீழே அழைத்துப் போனேன். நெஞ்சில் இறுக்கம் என்று வந்திருந்தாள். கூடவே மாமியார்.

"கர்ப்பமா இருக்கீங்களா? சந்தேகம் ஏதாவது?" சட்டப்படியான கேள்வி முதலில்.

"இல்ல."

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல, நீங்க போடுங்க" என்றாள் மாமியார், மருமகளைவிடச் சத்தமாக.

பிஹுவா பட்டையை இறுக்கினாள். நரம்பு எழுந்தது. ஈயக்குழாயைத் திறந்தாள். டிக், டிக்.

"வீட்ல ஆணி கீணி அடிக்கிற வேலை நடக்குதா?"

"யாரு அடிக்க விடுவா!" மாமியார் கொதித்துவிட்டாள். "ஏசி மாட்ட வந்தவனையே வாசல்லயே துரத்திட்டேன். இந்த வெக்கையில விசிறியை வெச்சுக்கிட்டுக் கெடக்கோம்."

"கட்டில் எதையும் நகர்த்தலையே?"

"கட்டிலுக்கு அடியில தொடப்பமே போகல. போன தடவ எம் பையன் அலமாரியை இழுத்துத்தானே…"

சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். அளவி நின்றுவிட்டது. மருந்து திறந்தே இருந்தது, அளவி பேசவில்லை. மின்கலம் தீர்ந்திருக்கும் என்பாள் பிஹுவா. நான் அங்கேயே நின்றேன். அறையிலிருந்த மூன்றாவது ஆள் மூச்சை அடக்கிக்கொண்ட மாதிரிதான் எனக்கு இருந்தது. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம்.

ஜியாரோங்கின் இன்னொரு கை வயிற்றின்மேல் போயிருந்தது. அது போனது அவளுக்கே தெரியவில்லை.

பிஹுவா ஊசியைக் குழாய்க்குள் திருப்பிச் செருகி, ஈயப் பெட்டியில் வைத்து மூடினாள். பட்டையை அவிழ்த்தாள்.

"இன்னிக்கு மெஷினுக்கு மனசு சரியில்ல. மொதல்ல சிறுநீர் டெஸ்ட் ஒண்ணு எடுத்துக்கலாம். டாக்டர்கிட்ட நான் பேசிக்கிறேன். எக்கோன்னு இருக்கு, ஒலியை வெச்சே இதயத்தைப் பாத்துடலாம். அதுல ஊசியே கிடையாது."

ஜியாரோங் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா… யார்கிட்டயும்…"

"நான் என்ன கேட்டேன்? ஆணியைப் பத்திதானே கேட்டேன்."

மாமியார் குனிந்து குனிந்து கும்பிட்டாள். யாரைக் கும்பிட்டாள் என்று சொல்வது கடினம். அவள் பார்வை இயந்திரத்துக்கு அடியில் இருந்தது.

லிஃப்ட்டுக்குப் போக ஒரே நடைவழிதான். மின்சாரச் சிக்கனத்துக்காகப் பாதி விளக்குகள் அணைந்திருந்தன. ஊசி போட்டுக்கொண்ட முதியவர்கள் படத்துக்காகக் காத்துச் சுவரோரம் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பார்த்தால் நம்மைப்போலத்தான் இருந்தார்கள். ஒருவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கடைசியில் இருந்த தாத்தா ஜியாரோங்கைப் பார்த்து, எல்லாம் தெரிந்ததுபோல இனிமையாகச் சிரித்தார். எல்லோர் உடம்பிலிருந்தும் கண்ணுக்குத் தெரியாமல் அந்த மருந்தின் கதிர்வீச்சு கசிந்துகொண்டிருந்தது. கடந்து போகிற இரண்டு மூச்சு நேரத்தில் யாருக்கும் ஒன்றும் ஆகாது. எனக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவளே பிஹுவாதான்.

அந்தப் பிஹுவாவே, கொக்கியில் தொங்கிய, கதிரைத் தடுக்கும் கனத்த ஈய அங்கியை எடுத்தாள். நாற்காலிகள் இருக்கும் பக்கமாக வந்து, அங்கியை இரண்டு கையாலும் திரைச்சீலைபோல விரித்துப் பிடித்தாள். ஜியாரோங்கை மறைத்தபடி நண்டுபோலப் பக்கவாட்டில் நடந்தாள். லிஃப்ட் கதவு மூடி, அது மேலே ஏறுகிற சத்தம் கேட்கும்வரை அவள் அங்கியைக் கீழே இறக்கவில்லை.