இடுப்பு என்று சொன்னேன்

என் மகளுக்கு இரண்டரை மாதம் இருக்கும். அவளைக் குளிப்பாட்ட தினமும் காலையில் வரும் அக்கா, துண்டால் அவள் தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னார்.

"எம் பொண்ணுக்கு ஒம்போதாவது மாசம் பொறந்துச்சுன்னா நான் சிங்கப்பெருமாள் கோவிலுக்குப் பூடுவேம்மா. இன்னும் ரெண்டு மாசந்தான். அதுக்குள்ள நீ கத்துக்கோ."

"வேற யாராவது தெரிஞ்சவங்க இருந்தா சொல்லுங்கக்கா."

"இன்னாத்துக்கு வேற ஆளு? உம் புள்ளைய நீ குளிப்பாட்ட மாட்டியா?"

அம்மா நாற்பதாம் நாள் முடிந்ததும், படுக்கையில் இருக்கும் என் தகப்பனாரை, அத்தாவைப் பார்த்துக்கொள்ள வாணியம்பாடிக்குத் திரும்பிவிட்டார். மாமிக்கு, என் கணவரின் அம்மாவுக்கு, கண் அறுவைச் சிகிச்சை ஆகியிருந்ததால் குனியவே கூடாது. மிஞ்சியது நான்தான்.

அக்கா குளிப்பாட்டுவதைப் பார்த்தால் எளிதாகத் தோன்றும். குளியலறையில் மணையைப் போட்டு உட்கார்ந்து, புடவையை முட்டிவரை ஏற்றிவிட்டு, கால்கள் இரண்டையும் சேர்த்து நீட்டுவார். கணுக்காலுக்கும் முட்டிக்கும் நடுவில் குழந்தை குப்புறக் கிடப்பாள். அக்காவின் முதுகு வளையாது. தொடைமேல் வயிறு படியும்படி அப்படியே முன்னால் சாய்வார். பிறகு மல்லாத்திப் போட்டு, குழந்தையின் வலது காலை மடக்கி இடது தோளுக்கும், இடது காலை வலது தோளுக்கும் கொண்டுபோவார். என் மகள் அதற்குச் சிரிப்பாள். அவளுடைய கால் கட்டைவிரல் அவள் வாய்க்கே போகும்.

அன்றே முயற்சி செய்து பார்த்தேன். மணையில் உட்கார்ந்து காலை நீட்டினால் முட்டிகள் தாமாக எழும்பின. முட்டிகளை அழுத்திப் பிடித்தால் உடம்பு பின்னால் சாய்ந்தது. முன்னால் குனியப் பார்த்தால் வலது தொடை சேரும் இடத்தில் ஏதோ முட்டுக்கட்டை போட்டதுபோல் நின்றது, வலியும் கிள்ளியது. அக்கா குழந்தையை என் கால்மேல் கிடத்தினார். எண்ணெய் உடம்பு. முட்டியிலிருந்து பாதத்தை நோக்கி வழுக்கிக்கொண்டே போனாள். தரையைத் தொடுவதற்குள் அக்கா அவளை அள்ளிக்கொண்டார்.

"இன்னாம்மா இது, காலை சறுக்குமரமாட்டம் வெச்சினுகீற! கம்ப்யூட்டர் முன்னால குந்தி குந்தி கட்டையாப் பூட்ட நீ."

விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் அது உண்மையாக இருக்குமோ என்று அன்று முழுவதும் யோசித்தேன். கல்யாணத்துக்கு முன்பிருந்தே கேளம்பாக்கம் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை. போகவும் வரவும் பஸ்ஸில் மூன்று மணி நேரம், நடுவில் ஒன்பது மணி நேரம் நாற்காலி. வீட்டில் சாப்பாட்டு மேஜை. கர்ப்பமான பிறகு தரையில் உட்கார்ந்ததே நினைவில்லை. எல்லோரும் சொன்னபடிதான் எல்லாவற்றையும் செய்தேன். எங்கே தவறினேன்?

சேலையூரில் மின்சாமான் கடை வைத்திருக்கும் என் கணவர், மாலையில் ஒரு நீல பிளாஸ்டிக் தொட்டியோடு வந்தார். "இதுல போட்டுக் குளிப்பாட்டு, முடிஞ்சுது கதை" என்றார். தொட்டிக்குப் பக்கத்தில் குந்தி உட்காரவும் என்னால் முடியவில்லை. சமையல் மேடைமேல் வைக்கலாம் என்றார். அங்கிருந்து விழுந்தால்? தொட்டியில் அழுக்குத் துணி ஊறியது.

டாக்டரிடம் போனோம். கிழக்குத் தாம்பரத்தில் எலும்பு மருத்துவர். ஆட்டோவில் போகும்போதே என்ன சொல்வது என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன். வலி இருந்தது தொடை இடுக்கில். அந்த வார்த்தையை ஓர் ஆண் டாக்டரிடம், கணவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எப்படிச் சொல்வது? 'அடிவயிறு' என்றால் வேறு எதையோ நினைப்பார். முறை வந்ததும் நாக்கு தானாகச் சொல்லிவிட்டது.

"இடுப்புல வலி டாக்டர். குனிய முடியல."

"நார்மலா, சிசேரியனா?"

"சிசேரியன்."

"முதுகுல ஊசி போட்டாங்கல்ல?"

"ஆமா டாக்டர்."

அவர் தலையாட்டினார். கணவரும் தலையாட்டினார். சிசேரியன் ஆன எல்லாப் பெண்களுக்கும் அந்த ஊசிதான் காரணம் என்று எங்கள் தெருவே சொல்லும். முதுகுக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள். அதில் ஒன்றும் இல்லை. ஆறு வாரம் பெல்ட் போட வேண்டும், குனியக் கூடாது, தரையில் உட்காரக் கூடாது என்றார். வலிக்கிற இடத்தில் அவர் கை வைத்துப் பார்க்கவில்லை. பார்க்காததில் எனக்கு அப்போது நிம்மதிதான்.

சொன்னால் சொன்னபடி செய்கிறவள் நான். ஆறு வாரமும் தூங்கும் நேரம் தவிர பெல்ட்டைக் கழற்றவில்லை. தொழுகையையும் நாற்காலியில் உட்கார்ந்தே முடித்தேன். கீழே விழுந்த கிலுகிலுப்பையை எடுக்கக்கூட மாமியிடம் கேட்டு, அவருக்கும் குனியக் கூடாது என்பது நினைவுக்கு வந்து, இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறோம். ஆறு வாரம் முடிந்து மறுபடி மணையில் உட்கார்ந்தபோது முட்டிகள் முன்பைவிட உயரத்தில் நின்றன.

அக்கா என் பெல்ட்டைத் தட்டிப் பார்த்தார். "இத்த கட்டினு குந்தினா எப்பிடி மடங்கும்? மூட்டைய கயிறு போட்டுக் கட்னா மாதிரி கீது."

அதற்கு அடுத்த வாரம் ஒரு பிசியோதெரபிஸ்டைப் பார்க்கப் போனேன். ஒரு மருந்துக்கடையின் மாடியில் சின்ன அறை. பெண், என் வயதுதான் இருக்கும். எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்தார்.

"சொல்லுங்க, எங்க வலி?"

"இடுப்புல."

"இடுப்புன்னா எங்க? கை வச்சுக் காட்டுங்க."

கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தேன். பிறகு தொடை மடியும் இடத்தில் விரல் வைத்தேன்.

ஓரமாக வைத்த எக்ஸ்ரேயை மறுபடி எடுத்துப் பார்த்தார். "டாக்டர்கிட்டயும் இங்கதான் காட்டினீங்களா?"

"காட்டல. இடுப்புன்னு சொன்னேன்."

"மேடம், இது ஹிப். நீங்க முதுகுக்கு வைத்தியம் பாத்திருக்கீங்க."

தையல்காரரிடம் சுடிதார் கொடுக்கும்போதெல்லாம் வெய்ஸ்ட் இவ்வளவு, ஹிப் இவ்வளவு என்று இரண்டு அளவு சொல்லி எழுத வைத்தவள் நான். ஆபீஸில் நாள் முழுவதும் இங்கிலீஷில் எழுதியவள். அந்த ஒரு சொல்லை டாக்டரிடம் சொல்லியிருக்கலாம். குடம் வைக்கும் இடம், கொசுவம் செருகும் இடம், பிரசவத்தில் நோகும் இடம் எல்லாமே எங்களுக்கு இடுப்பு. வெட்கப்பட்ட நேரத்தில் அந்தச் சொல்லுக்குள் ஒளிந்துகொண்டேன்.

என்னைப் படுக்க வைத்து வலது முட்டியை மார்பை நோக்கி மடக்கினார். பாதி வழியில் நின்றுவிட்டது. தொடை எலும்பின் தலை ஒரு பந்து, அது உட்காரும் இடம் ஒரு கிண்ணம், கிண்ணத்துக்குள் பந்து உருளத்தான் வேண்டும் என்று கையைக் குவித்துக் காட்டினார். "உங்களுக்கு அது உருளல. நீங்க குனியறதா நினைச்சு முதுகை மட்டும்தான் வளைக்கறீங்க. பெல்ட் வேண்டாம்." நான்கு காலில் நிற்பதுபோல் நின்று, முதுகு வளையாமல், பிட்டத்தைக் குதிகாலை நோக்கிப் பின்னால் கொண்டுபோகச் சொன்னார். கிட்டத்தட்ட தொழுகையில் நெற்றியைத் தரையில் வைக்க, சஜ்தாவுக்குப் போவதுபோலத்தான். முதுகின்மேல் ஒரு நீள ஸ்கேலை வைத்தார். ஒரு சாண் போவதற்குள் ஸ்கேல் கீழே விழுந்தது.

"எவ்வளவு நாள் ஆகும்?"

"மூணு மாசம்னு வச்சுக்குங்க. தினமும் செஞ்சா."

மகளுக்கு அப்போது நாலரை மாதம். அதற்குப் பன்னிரண்டு நாள் கழித்து அக்கா போய்விட்டார்.

மறுநாள் காலை யாரும் கேட்காமலே என் கணவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு மணையில் உட்கார்ந்தார். காலை நீட்டினார். நீண்டது. அவ்வளவுதான். குழந்தையைக் கிடத்தி, "நீ தண்ணி மட்டும் ஊத்து, நான் பாத்துக்கறேன்" என்றார். சோப்பு கண்ணில் பட்டு அவள் வீறிட்டாள். "சாரி டா, சாரி டா" என்று அவளிடம் கெஞ்சினார். இரண்டாம் வாரத்தில் கை பழகிவிட்டது. பிறகு அவள் அவரைப் பார்த்து, அக்காவைப் பார்த்துச் சிரித்ததுபோலவே சிரித்தாள். நான் சொம்போடு நின்றேன். கடை திறக்க நேரமாகிறது என்று அவர் ஒருநாளும் முணுமுணுத்ததில்லை. முணுமுணுத்திருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

பயிற்சியை ஒரு நாளும் விடவில்லை. காலையில் இருபது முறை, மாலையில் இருபது முறை. சரியாகத்தான் செய்கிறேனா என்று ஒவ்வொரு முறையும் சந்தேகம். வலித்தால் தவறு என்று பயம்; வலிக்காவிட்டால் பலன் இல்லையோ என்று பயம். வாரங்கள் போனதில் ஸ்கேல் முதுகில் நின்றது. பிறகு ஒரு நாள் முட்டிகள் எழும்பவில்லை.

அவளுக்கு ஏழரை மாதம் ஆகியிருந்தது. அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. "இன்னிக்கு நான்" என்றேன். கணவர் கதவோரம் நின்றார். மணையில் உட்கார்ந்து கால்களை நீட்டினேன். இரண்டும் தரையோடு படிந்தன. முதுகு நிமிர்ந்தே முன்னால் சாய்ந்தேன், வயிறு தொடையைத் தொட்டது. மகளைக் குப்புறக் கிடத்தினேன்.

அவள் இரண்டு கையையும் ஊன்றித் தலையைத் தூக்கினாள். புரண்டாள். என் முட்டியைப் பிடித்து எழுந்து உட்கார்ந்துகொண்டு சொம்பை எட்டினாள்.

"அவ இப்ப படுக்க மாட்டேங்கறா" என்றார் கணவர். "நேத்துகூட உக்கார வச்சுத்தான் ஊத்தினேன்."

தெரியும். தினமும் ஊற்றியவள் நான்தானே. ஆனாலும் இன்னொரு முறை அவள் தோளைப் பிடித்து மெதுவாகச் சாய்த்தேன். உடம்பை வில்லாக வளைத்துக்கொண்டு அழுதாள். இன்னும் கொஞ்சம் அழுத்தினால் படுத்துவிடுவாள் என்றுகூட ஒரு கணம் நினைத்தேன்.

"விடும்மா" என்றார்.

கையை எடுத்தேன். அவள் என் கால்களுக்கு நடுவில் ஈரத்தரையில் உட்கார்ந்து, விக்கலோடு சொம்பைத் தரையில் தட்டினாள். நான் காலை நீட்டியபடியே குழாயைத் திறந்து, உள்ளங்கையில் தண்ணீரைப் பிடித்துப் பிடித்து அவள் முதுகில் விட்டேன்.