கடல் முள்ளெலிக்கு ஏற்றிய டிரிப்ஸ்

தாம்பரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் நான் நர்ஸ். என் கணவருக்கோ, சிட்லபாக்கம் வீட்டு ஹாலில் இருக்கும் உப்புத் தண்ணீர் மீன்தொட்டிதான் உலகம். அந்தப் பக்கமே நான் போனதில்லை.

ஒருநாள் கடல் முள்ளெலி வாங்கிவந்தார். உடம்பெல்லாம் முள்ளாக, ஒரு கறுப்பு உருண்டை. வந்ததும் தொட்டியில் போட்டுவிட்டார். முட்கள் உதிர்ந்து, சீக்கிரமே செத்துப்போனது.

அடுத்த மாதம் இன்னொன்றை வாளித் தண்ணீரில் போட்டுக்கொண்டு வந்து நின்றார்.

"நம்ம தொட்டித் தண்ணிக்கு மெதுவா பழக்கணுமாம். கடையில சொன்னாங்க. ஒரு டம்ளர் ஊத்தட்டா?"

"ஊத்தாதீங்க. ஏத்தணும்."

மாமனார் படுத்திருந்தபோது வாங்கி, பிரிக்காமலே மீந்த டிரிப்ஸ் டியூபை எடுத்தேன். ஒரு முனை மேலே தொட்டியில்; மறுமுனை கீழே முள்ளெலி கிடந்த வாளியில். சொட்டு நிதானமாக விழும்படி வைத்தேன். இந்த வேலையில் என் கை தப்பாது.

ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். சாய்ந்து கிடந்த முட்கள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. மயக்கம் தெளிகிறவரின் விரல் அசைவதைப் பார்ப்பதுபோல் இருந்தது.

அவர் வாளிக்குள் கையை நீட்டினார்.

"விசிட்டிங் டைம் முடிஞ்சிடுச்சு சார், தள்ளி நில்லுங்க!"

இப்போது அது தொட்டிக் கண்ணாடியில் ஊர்கிறது. டியூட்டி முடிந்து வந்து செருப்பைக் கழற்றியதும், எனக்கு இன்னொரு ரவுண்ட்ஸ் இருக்கிறது.